வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் நட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனின் நற்குணங்களை மட்டும் எழுதி முடித்துக்கொள்ளும்படி பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். ஆனால் போன வருடம் அவரைக் கிடத்தியிருந்தபோது, பந்தலுக்குப் பின்னால் நின்று, “கொடி நட்டுக் காட்டிக்கொடுத்த ஆளு போயாச்சு” என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அழ வந்த இடத்தில் பேசுகிற பேச்சா அது? ஆகவே கொடி விஷயத்தை நான் எழுதத்தான் போகிறேன்.

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். எனக்கு இரண்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்தி, திருவனந்தபுரத்தில் துரைமார் கோல்ஃப் ஆடும் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கப் போனார். சுமந்துகொண்டே ஆடவும் பழகினார். ஸ்காட்லாந்துக்கார எஞ்சினியர் ஒருவருக்கு அவர்மேல் பிரியம். அந்தத் துரை சொந்த ஊருக்குத் திரும்பும்போது மூன்று பழைய மட்டைகளையும் ஒரு பை நிறையப் பந்துகளையும் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடவே நிறையக் கதைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று கடலோரத்தில் ஒரு ஊராம். கடலுக்கும் வயலுக்கும் நடுவே விவசாயத்துக்கு ஆகாத மணல்மேடாம். ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த இடங்கள்தான் இன்று ஆட்டக்காரரைத் திணறடிக்கும் மணல்குழிகளாம். பிரிட்டிஷ் ஓப்பன் என்னும் பெரிய போட்டி அங்கேயும் நடக்குமாம். “மரம் ஒண்ணும் கிடையாது. காத்துதான் எதிராளியாக்கும்” என்பார் அண்ணன். ஆடு மேய்ந்த மணல்காட்டில் உலகப் போட்டியா? துரை நன்றாகக் கதை விட்டிருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். பல வருடம் கழித்து டெலிவிஷனில் அந்த மைதானத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அந்த ஊரைப் போலவே வீட்டை ஒட்டிய நம் விளை நிலத்திலும் ஆட்டத்தரை அமைக்க அண்ணனுக்கு ஆசை. அங்கே ஒரே புல்தரையில் இரண்டு குழிகள் உண்டாம். ஒன்றில் வெள்ளைக் கொடி, மற்றதில் சிவப்புக் கொடி. ஆட்டம் தொடங்கி வெளியே போகிறவர் வெள்ளையை நோக்கி அடிப்பார். திரும்பி வருகிறவர் சிவப்பை நோக்கி அடிப்பார். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய விளையை நிரத்திச் சமமாக்கி, கயிறு பிடித்து அளந்து, மூங்கில் கம்பில் துணி கட்டி இரண்டு இரண்டாகக் கொடி நட்டார்.

அண்ணன் அதற்குத் தேர்ந்தெடுத்த காலம் இருக்கிறதே! எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. நம் ஊர்கள் சென்னை மாகாணத்தோடு சேருமா, மலையாள ராஜ்ஜியத்திலேயே கிடக்குமா என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. பஸ்ஸில் எந்தப் பாஷையில் டிக்கெட் கேட்கிறான் என்று பார்த்துத்தான் பக்கத்தில் உட்காருவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கயிறு பிடித்து அளந்து கொடி நட்டால் ஊர் என்ன நினைக்கும்? சர்க்காருக்காக எல்லை அளக்கிறான் என்று நினைத்தது. தமிழ்க் கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள்.

“எலே, வெள்ளைக்கொடி எதுக்கு? சிவப்பு எதுக்கு?”

“வெள்ளை போறதுக்கு. சிவப்பு திரும்பி வாறதுக்காக்கும்” என்றார் இந்த மகானுபாவன்.

“ஆரு போறது? எங்க இருந்து வாறது? மறைக்காம சொல்லு!”

பந்து போவதும் வருவதும் என்று சொன்னால் எவன் நம்புவான்? அடுத்த நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு, கட்சிக் கூட்டத்துக்கு நட்ட கொடியோ என்று வேறு சந்தேகம். “எந்தினா ஈ கொடி? மீட்டிங் உண்டோ?” என்று அதட்டினார். அண்ணன் அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஒரு பந்து அடிக்க வைத்தார். பந்து அங்கேயே கிடந்தது, மண் மட்டும் பறந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்ததை வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அதற்கு மறுநாள் எங்கள் தாய்மாமாவைப் போலீஸ் பிடித்துப்போனது. மாமா கட்சியில் முன்னால் நிற்பவர். போலீஸ் தேடியதால் அவர் நெய்யாற்றின்கரையில் ஒளிந்திருந்த வீடு நம் குடும்பத்தில் நான்கு வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அதில் எங்கள் வீடும் ஒன்று. போதாதா? பழி அண்ணன் தலையில் விழுந்தது. மாமா மகளை அண்ணனுக்குப் பேசி முடித்திருந்தோம். அந்தப் பேச்சும் நின்றது. எந்த வீட்டிலும் எங்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

மாமா வெளியே வந்ததும் நேராக எங்கள் விளைக்குத்தான் வந்தார். அடி வாங்கிய உடம்பு, கண்ணெல்லாம் சிவப்பு. “நீயா?” என்று கேட்டார். “நான் இல்ல மாமா” என்றார் அண்ணன். “எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான். உன் ஆட்டத்தை இப்ப என்கூட ஆடு. நீ ஜெயிச்சா கல்யாணம். தோத்தா இனி என் நடையை மிதிக்கப்பிடாது” என்றார் மாமா. கிட்டிப்புள்ளில் தோற்காத மனுஷன், அந்தத் திமிர். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவருக்குத்தான் ஜெயம், அதனால் பழகாதவருக்குச் சில அடிகளை விட்டுக்கொடுப்பது அந்த ஆட்டத்து முறை என்று சொல்லி அண்ணன் தாராளமாக விட்டுக்கொடுத்தார். பாவி மனுஷன், அவ்வளவு கொடுத்திருக்க வேண்டாம்.

கடைசிக் கொடிக்கு வரும்போது இருவரும் சமம். அண்ணனுடைய பந்து தாழம்புதருக்குப் பின்னால் போய்விட்டது. அவரும் உள்ளே போனார். எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. புதருக்குள்ளிருந்து ஒரே அடியில் பந்து கொடிக்கு அருகில் வந்து நின்றது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணன் வெளியே வந்து, “மாமா, அடிக்கதுக்கு முன்ன மட்டை பட்டுப் பந்து அசைஞ்சுபோச்சு. எனக்கு ஒரு அடி கூட்டிக்கிடுங்க” என்றார். அந்த ஒரு அடியில் தோற்றார்.

“கிறுக்குப் பயலே! உன்கிட்ட ஆருலே கேட்டா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம். மாமாவுக்கோ இதிலும் சந்தேகம். புதருக்குள் குனிந்து போய் மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆரும் காணல்லியே மக்கா. பின்ன எதுக்குச் சொன்ன?”

“நான் கண்டேனே மாமா. நடுவர் கிடையாத ஆட்டம். தப்பு செஞ்சவனே சொல்லணும்.”

மாமா மட்டையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் கல்யாணத்துக்கு நாள் குறித்து ஆள் அனுப்பினார். மணவறையில் என் காதருகே, “முழுசா நம்பிட்டேன்னு நினைக்காத கேட்டியா. பக்கத்தில வச்சுப் பாத்துக்கிடலாம்லா” என்றார். அண்ணி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஊர் நம்பவில்லை. எல்லை முடிவாகி விளவங்கோடு சென்னை மாகாணத்தோடு போய், நாம் கேரளத்தில் நின்றபோது, அதற்கும் அண்ணன் நட்ட கொடிதான் காரணம் என்று பேசினார்கள். டில்லியில் இருந்தவர்கள் எங்கள் மரச்சீனி விளையைப் பார்த்துத்தான் கோடு போட்டார்களாம்! அண்ணன் யாரோடும் வாதாடவில்லை. ஓய்வு பெறும்வரை திருவனந்தபுரத்து மைதானத்திலேயே வேலை பார்த்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றினார். ஓப்பன் நடக்கும் ஜூலை மாதத்தில் மட்டும் ரேடியோவை விட்டு நகரமாட்டார்.

அந்தப் போலீஸ்காரர் பென்ஷன் வாங்கிய பிறகு ஒருநாள் அண்ணனைத் தேடி வந்து தனியாகப் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று அண்ணன் சொல்லவில்லை. காரக்கோணம் ஆசுபத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது கேட்டே விட்டேன். “அண்ணே, மாமாவைக் காட்டிக்கொடுத்தது ஆரு? உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நான் சொல்லப்பிடாது. அவனே வந்து சொல்லட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

ஆசுபத்திரியில் மாறி மாறி உடனிருந்த மருமக்களுக்கும், மருத்துவர்களுக்கும், பந்தல் போட்டு, சோறாக்கி, மழையில் நனைந்து உதவிய அயலாருக்கும் எங்கள் குடும்பம் மனமார நன்றி சொல்கிறது. அண்ணனோடு கடைசிவரை தோழமையாக இருந்த மைதானத்து நண்பர்களை மறக்கமாட்டோம்.

மற்ற எல்லோருக்கும் இந்த மலர் தபாலில் வந்திருக்கும். மாமா ஒளிந்த இடம் தெரிந்த மற்ற மூன்று வீடுகளுக்கு மட்டும் நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். வாசித்து முடிக்கும்வரை எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். காட்டிக்கொடுத்தது நீங்கள்தான் என்றால், இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.