மேட்டுக்கு ஏறிய தண்ணீர்

என் சகலை முருகையன் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் குருசுக்குப்பத்தில் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். யானைக்குட்டி அளவு மீன். செல்போனில் வீட்டுக்காரியின் அழுகை கேட்டதும் மீனை அப்படியே போட்டுவிட்டு ரெட்டியார்பாளையத்துக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா?

எங்கள் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இரண்டு மகள்களுக்கும் ஊருக்கு மேற்கே பக்கத்துப் பக்கத்தில் நிலம் கொடுத்தார். மூத்த மாப்பிள்ளை என்பதால் நான் முந்திக்கொண்டு மேட்டை எடுத்தேன். முருகையனுக்குப் பள்ளம், மழைக்கு நாற்று அழுகும் இடம். மாமனாருக்கு அப்போது என்மேல்தான் பிரியம். இஸ்திரி போட்ட சட்டையும் கூலிங்கிளாஸுமாக முருகையன் நாற்றங்காலுக்கே வரத் தொடங்கியதும் அந்தப் பிரியம் வரப்பு தாண்டிவிட்டது.

பிறகு மழையின் குணம் மாறியது. நின்று நிதானமாகப் பெய்த ஐப்பசி மழை, நாலு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் காணாமல் போகத் தொடங்கியது.

"மழ மாறிப்போச்சுண்ணே. நாம கூப்புடறப்ப வராது. அது வர்றப்ப நாம புடிச்சி வெச்சிக்கணும்" என்றார் முருகையன்.

இதை அவருக்கு முன்பே நான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் இப்போது உயிருடன் இல்லை.

சுனாமிக்கு முந்தைய வருஷக் கோடையில் அவர் தன் நிலத்தின் மூலையை வெட்டிக் குட்டை எடுத்தார். அந்த மண்ணைப் போட்டு மீதிப் பள்ளத்தை உயர்த்தினார். அப்போதும் என் நிலம்தான் ஒரு முழம் உசத்தி.

"இன்னா சகலை, துரைமாருங்க குளிக்கவா?" என்று டீக்கடையில் கேட்டேன்.

"ஆமாண்ணே. மொத டிக்கெட் ஒங்களுக்குத்தான்."

கடையே சிரித்தது. நான் சொன்னதற்கு அல்ல.

அந்த ஐப்பசியில் கொட்டிய மழை கார்த்திகையில் எட்டிப் பார்க்கவில்லை. என் நெல்லுக்குக் கதிர் வரும் நேரம். போர் வெறும் காற்றை இறைத்தது. வயல் வெடிப்பில் ஒரு வெள்ளாடு விழுந்து, தூக்க நாலு ஆள் தேவைப்பட்டது. அந்த நெல்லை நம்பித்தான் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தோம்.

"தங்கச்சி புருஷங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன். வாய் தேஞ்சா பூடும்?" என்றாள் வீட்டுக்காரி.

"நானா? அவருகிட்டயா? நெல்லு காஞ்சே போவட்டும்."

மறுநாள் காலை டீக்கடையில், எல்லார் காதிலும் விழும்படி முருகையன் கேட்டார்: "அண்ணே, ஒரு ஒதவி. என் குட்ட ரொம்பி வழியுது. கர ஒடஞ்சிடும் போலருக்கு. ஒங்க நெலத்துல கொஞ்சம் தண்ணி வுட்டுக்கட்டுமா?"

குட்டையில் பாதித் தண்ணீர்கூட இல்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பள்ளத்தில் வழிகிற தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. டீ ஆற்றுகிறவர்கூட டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மீசையைத் தடவிக்கொண்டேன். "சரி, போனா போவுது. வுடுங்க சகலை."

டீசல் இன்ஜின் வைத்து, குழாய் போட்டு என் வயலை நனைத்தார். நெல் பிழைத்தது. கல்யாணம் நடந்தது; பந்தியில் நாலாயிரம் பேர்.

ஆயுள் முழுக்க நானும் எவ்வளவோ அளந்துவிட்டிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை, பொய்யென்று தெரிந்தே ஊர் காப்பாற்றியது. கூலிங்கிளாஸை மன்னித்துவிட்டேன், மாமனாரின் பிரியத்தையும். என் சொந்த வித்தையில் என்னை முந்தியதை மட்டும் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பெருமழை. குடையோடு போய் வரப்பில் நின்றேன். குட்டை இந்த முறை நிஜமாகவே ரொம்பி வழிந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்:

"போனா போவுது. வுடுங்க சகலை."

தண்ணீர் அந்தப் பக்கத்து வாய்க்காலில் இறங்கி, பள்ளம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. என் பக்கம் ஒரு சொட்டும் ஏறவில்லை.

போய் வாருங்கள், சகலை.