திரையில் மோதிய படகு

படகு கரையேறும்போது அலை தூக்கிப் போட்டதில் என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை சரியாகத் திரும்பவில்லை. தினமும் திருப்பிப் பழகச் சொன்னார் டாக்டர். வெறும் கையை எவ்வளவு நேரம் திருப்புவது? விட்டுவிட்டேன். படகில் இன்ஜின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுவது என் வேலை. அடுத்த திங்கட்கிழமைக்குள் கை வராவிட்டால் வேறு ஆளை ஏற்றிக்கொள்வதாகப் படகுக்காரர் சொல்லிவிட்டார்.

என் மகளைக் கட்டியவருக்கு முத்தியால்பேட்டை. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனியில் வேலை. மீன் வாடை ஆகாது; ஆனால் சொல்ல மாட்டார். கெடுவுக்கு எட்டு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு லேப்டாப்போடு வந்தார். நாற்காலிக்குப் பின்னால் ஒரு குழாயை இடமும் வலமும் திரும்புகிற மாதிரி கட்டினார். அதன்மேல் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டை ஒட்டினார். அதில் சென்சார் இருக்கிறதாம். குழாய் எவ்வளவு திரும்பியது என்பதை ஒயர் வழியாக லேப்டாப்புக்கு அனுப்புமாம். திரையில் ஒரு படகு. எதிரே பாறைகள்.

"இன்ஜின் கைப்பிடின்னு நெனச்சுக்கோங்க மாமா."

பிடித்தேன். இடது பக்கம் பாறை வந்தது. திருப்பினேன். மோதியது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் மோதியது.

"இன்னாய்யா, கரையில குந்திக்கினே படக ஒடைக்கற?" என்று என் மனைவி சிரித்தாள். ஐந்தாவது தடவை சிரிக்கவில்லை. "போதும்யா. கடல் வேணாம், வுடு."

நானும் கை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை திரை ஓரத்தில் ஓடிய எண்களைப் பார்த்தார். "கை நல்லாத்தான் திரும்புது மாமா. பாறை இடது பக்கம் இருக்கு. நீங்க ஏன் இடது பக்கமே தள்றீங்க?"

"இடது பக்கம் தள்ளுனாத்தான் மாப்ள, படகு வலது பக்கம் போவும்."

"அப்படியா?"

"இன்ஜின் பின்னாடிதான இருக்கு."

லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். இடது வலதாக மாறுவதற்கு அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டார். அவ்வளவுதான். படகு சொன்னபடி கேட்டது. எல்லாப் பாறையையும் தாண்டினேன். அவர் பிடித்தார். முதல் பாறையிலேயே மோதினார்.

"மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுய்யா," என்றாள் மனைவி.

அந்த வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து படகு ஓட்டினேன். திங்கட்கிழமை கடலுக்குப் போனேன். வலித்தது. கை திரும்பியது.

கரைக்கு வந்ததும் மாப்பிள்ளையிடமிருந்து போன். "எவ்ளோ திரும்புச்சு மாமா?"

"எண்ணு தெரியல மாப்ள. படகு வந்துடுச்சு. சாயங்காலம் சாப்பிட வாங்க. மீன நல்லா கழுவி வைக்கச் சொல்றேன்."