ரப்பர் வளையம் போட்ட கூடாரங்கள்

கூடாரமும் டோர்ச் லைட்டும் வாடகைக்கு விடுகிற தொழிலில் சாமானெல்லாம் ஊர் சுற்றும், கடையில் நிற்பவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், முதலாளி ஒருவரின் கடையில் நான் அப்படி நிற்கிறவன். மனைவி ராணி காலமான பிறகு வீட்டிலும் பேச ஆளில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் இருந்து கதைத்துவிட்டுப் போகமாட்டார்களா என்று ஏங்குவேன். இதே தொழிலில் அவதிப்படும் நண்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

உருகினது

முதலில் கந்தோர்களில் கடிதக் கட்டுகளுக்குப் பாவிக்கும் மெல்லிய ரப்பர் பாண்டால்தான் கூடாரக் கம்பிகளைக் கட்டிவைத்தேன். தகரக் கூரைச் சூடும் உப்புக் காற்றும் சேர்ந்து அவற்றைக் கம்பியோடு ஒட்டிவிட்டன. கந்தளாய்க் குளத்தடியில் முகாம் போட்டுத் திரும்பிய ஒருவர் பிசுபிசுத்த விரல்களை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"ஐயா, நீங்கள் தந்தது கூடாரமோ, சூயிங்கமோ?"

ஒரே பொதி

அதன் பிறகு பழைய சைக்கிள் டியூப்பை வாங்கி, வெங்காயம் அரிகிற மாதிரி வளையம் வளையமாக வெட்டினேன். அது உருகாது, அறாது. நிலத்தில் அடிக்கும் முளைகள் ஒரு கட்டு, கம்பிகள் ஒரு கட்டு. டோர்ச்சோடு மாற்று பற்றரியையும் சேர்த்துக் கட்டினேன். முதுகுப்பையில் தொங்கும் வார்களைச் சுருட்டி, அதற்கும் ஒரு வளையம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பொதியாக்கினேன்.

முந்தி நான் முளை தேடி முடிக்கும்வரை ஆட்கள் கதிரையில் இருந்து ஊர்க்கதை சொல்வார்கள். இப்போது பொதியைத் தூக்கினால் வேலை முடிந்தது. என் கெட்டித்தனமே எனக்கு எதிரியாகிவிட்டது. வழக்கமாக வரும் தோப்பூர்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே பொதியை வாங்கிக்கொண்டு என்னைப் பாராட்டினார்.

"உங்களட்டை வந்தால் ஒரு மினக்கேடும் இல்லை, அண்ணை!"

அன்று முழுக்க வேறு யாரும் வரவில்லை.

கொண்டை

டோர்ச் கைநழுவாமல் இருக்க அதன் கழுத்தில் அகலமான வளையம் ஒன்று போட்டிருப்பேன். புதிதாகக் கலியாணம் முடித்த சோடி ஒன்று திருப்பித் தந்த டோர்ச்சில் அது இல்லை. எங்கே என்று கேட்டேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். கணவன் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே ராணியின் நினைவும் வந்தது.

"அது என்ரை மனிசியின்ரை கொண்டையிலை கிடக்கு. கழட்டச் சொல்ல எனக்கு ஏலாது, நீங்களே கேளுங்கோ."

நம்பாத ரீச்சர்

ஈச்சிலம்பற்றிலிருந்து தன் பள்ளிக்கூடச் சாரணியருக்குக் கூடாரம் எடுக்க ஒரு ரீச்சர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கட்டிவைத்ததை நம்பமாட்டேன், எல்லாவற்றையும் அவிழ்த்து எண்ணவேண்டும் என்றார். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் ஓடிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டேன்.

எதிரெதிரே இருந்து அவிழ்த்தோம். மழைக்குச் சேறாகும் பாதையையும், கூடாரத்துக்குள் தூங்காமல் சிரிக்கும் பிள்ளைகளையும் பற்றிச் சொன்னார். எண்ணி முடிந்ததும் பழக்கதோஷத்தில் என் கை தானாக வளையங்களைப் போடத் தொடங்கியது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ராணிக்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

"ஏன் இப்பிடி அவசரப்படுறியள்? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

எண்ணி முடிந்த கூடாரமொன்றை அன்று நானே இன்னொரு தரம் அவிழ்த்துக் கொட்டினேன் என்பதை மட்டும் தயவுசெய்து என் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.