அப்பா அறுத்துக் குறுக்கிய ரயில்

பொம்மை ரயிலைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் மின்சாரம் கொடுத்ததும் எண்ணெய் கருகும் வாசனை வந்தது. சிறுவயதில், திண்டுக்கல் ரயில்வே குடியிருப்பில், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் வந்த வாசனை.

அப்பா மீட்டர் கேஜ் என்ற குறுகிய ரயில்பாதையில் வேலை பார்த்தவர். கடையில் வாங்கிய அகலப்பாதை பொம்மையின் அச்சை அறுத்துக் குறுக்கினார். தண்டவாளமும் அவரே செய்தார். "நம்ம லைனு இம்புட்டுத்தான். இதுல ஓடுறதுதான் ரயிலு" என்பார். மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாளம் துடைப்பது என் வேலை. ரயிலைத் தொட்டால், "ஏ புள்ள, கைய எடு. அது தம்பிக்கு" என்று தட்டிவிடுவார்.

"பல்சக்கரம் தேஞ்சு போச்சுக்கா. இந்த அகலத்துக்கு எவனும் செய்யுறதில்ல. அறுக்காம இருந்தா வேற மாட்டியிருக்கலாம்" என்றார் கடைக்காரர்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"பழைய இரும்புக்குப் போட்டுரு, அக்கா. இம்புட்டு நாளு வச்சிருந்ததே தப்பு" என்றான்.

இதைக் கேட்க அப்பா இருந்திருக்க வேண்டும்.