ஆறு வெள்ளிக்கிழமைப் பயறு

அப்பா எழுந்ததும் யாரிடமும் பேசமாட்டார். முதலில் சமையலறை ஆணியில் தொங்கும் ஈரத்துணி மூட்டையை இறக்கி, மூக்கருகே வைத்து மூச்சை இழுப்பார். பச்சை வாசம் வந்தால்தான் வாய் திறக்கும். லேசாகப் புளித்த வாடை அடித்தாலும் மொத்தப் பயறும் குப்பைக்குத்தான். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துவந்த வழக்கம் இது.

லிஃப்ட் இயக்கும் வேலை போனபின் இதுதான் பிழைப்பு. பயறை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் பொட்டலம் போட்டுப் பூங்காவில் நடப்பவர்களிடம் விற்பார். அதில்தான் நான் நுண்ணுயிரியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

மேல்மாடித் தையல்காரம்மா அவருக்குப் பன்னிரண்டு கட்டுத்துணிகள் தைத்துக்கொடுத்தார். கூலிக்குப் பதில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைப் பயறு என்று பேச்சு.

"அண்ணே, ஒரு வாரம் தப்பினாலும் துணியப் பிடுங்கிருவேன்."

"பிடுங்கும்மா. பயறு அம்மணமா வந்து நிக்கும்."

ஆறு வாரம் சரியாகப் போனது. இதற்கிடையில் ஒரு காய்ச்சலில் அப்பாவின் மூக்கு செத்துப்போனது. என்னிடம் மட்டும் சொன்னார்.

"என் மூக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. இனி படிச்ச மூக்குதான் டியூட்டி பாக்கணும்."

தினமும் பார்த்தேன். ஏழாவது வெள்ளிக்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு. தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"பாத்துட்டியாம்மா?"

"ம்... நல்லாருக்குப்பா."

நான் மோந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் பொட்டலம் மாடிக்குப் போனது. பூங்காவில் பொட்டலத்தைப் பிரித்த முதல் ஆளே முகம் சுளித்தார். "என்னய்யா, இப்படி நாறுது?" அப்பா எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து மாடிப்படி ஏறினார். சளி பிடித்திருந்த தையல்காரம்மா எலுமிச்சை பிழிந்து தின்று முடித்திருந்தார்.

எட்டு நாள் மருத்துவமனை.

"உங்க மூக்க நம்பித்தானே அண்ணே தின்னேன்?"

"கவனிக்காம விட்டுட்டேம்மா. தப்பு என்னுது."

நான் ஃபிளாஸ்க்கோடு பின்னால் நின்றேன். கெட்டுப்போன பயறில் என்னென்ன கிருமி பெருகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். மோந்து பார்க்காதது நான்தான் என்று சொல்லாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சி ஊற்றினேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூட்டையை என்னிடம் நீட்டவும் இல்லை.

பூங்கா வியாபாரம் அன்றோடு படுத்தது. அப்பா வெள்ளிக்கு வெள்ளி ஒரே ஒரு பொட்டலத்துக்குப் பயறு கட்டினார். காலையில் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். எதுவும் வராது. மேலே போவார், கதவு திறக்காது. இறங்கிவந்து பொட்டலத்தைக் குப்பையில் கொட்டுவார். ஏழெட்டு மாதம் இப்படி. பிறகு ஒரு வியாழக்கிழமை, பயறு ஊறிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார்.

போன வாரம் நானே கட்டி, நாலு தடவை மோந்து பார்த்து, எடுத்துப் போனேன். கதவு பாதி திறந்தது.

"வேணாம்மா. உங்கப்பா மூக்கே என்னை ஏமாத்திருச்சு. உன்னுத எப்படி நம்புறது?"

அப்போதும் நான் சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பன்னிரண்டில் ஆறு கொடுத்தாயிற்று. ஏழாவதைக் கொடுத்ததாகச் சொல்ல வாயில்லை. அப்பா வைத்துப்போன பாக்கி, ஆறு வெள்ளிக்கிழமைப் பயறு.