பெரியநாயகத்துக்கு வந்த நாற்பத்தொரு இரங்கல்கள்

மலேசியாவின் சிலிபினில் தனியாக வசிக்கும் பெரியநாயகம் முப்பது வருடம் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே பேருந்து ஓட்டியவர். பயணிகளைக் காக்க வைக்கக் கூடாதென்று அன்று சிறுநீரைக் காக்க வைத்தார். எழுபத்திரண்டு வயதில் அது இவரைக் காக்க வைத்தது.

புரோஸ்டேட் வீங்கி வழியை நெரிக்கிறது என்றார் மருத்துவர். வெட்டு கிடையாது; மெல்லிய குழாயை உள்ளே விட்டு, லேசரால் அடைப்பை எடுத்துவிடலாம், மறுநாளே வீடு. இவ்வளவு புதிய சிகிச்சைக்கு மிகப் பழைய நிபந்தனை ஒன்று இருந்தது: கூட ஓர் ஆள் வேண்டும்.

"ஆன்ட்டி வருவாங்களா அங்கிள்?" என்றாள் தாதி.

"கல்லறையில இருக்காம்மா."

"பிள்ளைங்க?"

"மக வெரோனிகா. மெல்பர்ன்ல."

"ஆள் இல்லாட்டி தேதிய மாத்திருவாங்க. அப்புறம் ஆறு மாசம் ஆகும்லா."

ஆளுக்கா பஞ்சம்? அவர் கைப்பேசியில் நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள். வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஐந்தாங்கட்டைத் தோட்டத்தில் முன்பு குடியிருந்த ஆட்களுக்கு அவரே தொடங்கிய வாட்ஸ்அப் குழு. பிறந்தநாள், அரசியல், சாமி படம் கூடாது. சாவுச் செய்தி மட்டும். விதியும் அவருடையதே.

அதில்தான் எழுதினார்: "பெரியநாயகம், வயது 72, சிலிபின். புதன் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் லேசர் சிகிச்சை. யாராவது உடன் வர முடியுமா?" எட்டு வருடமாகச் சாவுச் செய்தி எழுதிய பழக்கத்தில் பெயர், வயது, ஊர் என்ற வரிசை தானாக வந்துவிட்டது.

முதல் வரியைத் தாண்டி யாரும் படிக்கவில்லை. மதியத்துக்குள் நாற்பத்தொரு இரங்கல்கள். 'தங்கமான மனுசன்' என்று மட்டும் பதினேழு பேர். உடனே திருத்தியிருக்கலாம். அவரோ ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கோப்பெங்கிலிருந்து பள்ளித் தோழர் சன்னாசி ரோஜா மாலையோடு வந்து கதவைத் தட்டினார்.

"டேய், நீயே வந்து தொறக்குற?"

"வேற யாரு இருக்கா தொறக்க?"

விஷயம் தெரிந்ததும் சன்னாசி மாலையை நாற்காலி முதுகில் மாட்டினார். "ஒம்பது வருசம் ஆச்சுடா பாத்து. செத்தாத்தான் கூப்பிடுவியா?"

"செத்தும் நீ ஒருத்தன்தானே வந்திருக்க."

புதனன்று சன்னாசி கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'கூட்டாளி' என்று எழுதினார். சிகிச்சை நல்லபடி முடிந்தது. மறுநாள் வீட்டில் விட்டுவிட்டு, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டார்.

பெரியநாயகம் குழுவில் எழுதினார்: "பெரியநாயகம் நலம்."

ஒரே ஒரு பதில் வந்தது: "இங்கு இறப்புச் செய்தி மட்டும் பதிவிடவும்."

விதி விதிதான். செய்தியை அழித்தார்.

ஒரு மாதத்தில் எல்லாம் சீரானது. முன்பு இரவில் ஐந்து முறை எழுப்பிவிட அந்தச் சிறுநீராவது இருந்தது.