நரிக்காகக் கட்டிய கம்பி

காவாந்தண்டலம் வேதாசலத்துக்கு நரியால் ஒரு தொல்லையும் இல்லை. நரியைப் பற்றியே பேசுகிற மகன்தான் அவர் உயிரை வாங்கினான்.

அறுபதைத் தாண்டியவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து விடியலில் கழனிக்குப் போகிறவர். ஆற்றங்கரைப் புதரிலிருந்து வரும் நரி தர்பூசணியைக் கடித்துப் பாழாக்கும், வரப்பில் நண்டு தோண்டும், ஆள் சத்தம் கேட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். வெறி பிடித்ததென்றால் ஒதுங்கிப் போகவேண்டும். அது நாய்க்கும் உள்ளதுதான். மற்றபடி நரி முகத்தில் முழித்தால் அன்றைக்கு நல்லது நடக்கும் என்று, சில காலையில் அதைத் தேடிக்கூடப் பார்ப்பார்.

ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை செய்து அங்கேயே தங்கியிருக்கும் மகன் கார்த்திக்குக்கு இது புரிந்தால்தானே! எந்த நாட்டிலோ ஒரு நரி ஓர் ஆளின் காலைக் கவ்வுகிற வீடியோவை யாரோ அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று பிடித்தது சனியன்.

"நைனா, இருட்டுல தனியா போவாத. கடிச்சி வச்சா இன்னா பண்ணுவ?"

"டேய், அது என்னப் பாத்தாலே ஓடிப்பூடும்டா."

"உனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வீடியோவ பாத்தியா இல்லியா?"

காலையில் போனில் இந்தப் பேச்சு, சாயங்காலமும் இதே பேச்சு. மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சுகம் அந்தக் கழனி நடைதான். கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று அதற்கும் உலை வைத்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பிச் சுருளோடு வந்து நின்றான். கழனியைச் சுற்றிக் கட்டி மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் கொடுக்கப் போகிறானாம். ராத்திரி சுவிட்சைப் போட்டு விடிந்ததும் அணைத்துவிட்டால் போதுமாம். தப்பு என்று வேதாசலத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காது புளித்துப்போயிருந்தது.

"இன்னாவோ பண்ணித் தொல. அப்பவாச்சும் வாய மூடுவியா?"

மூடவில்லை. அடுத்த வாரம் ஒரு விடியலில், சுவிட்சை அணைக்கக் கிளம்பியவரைப் போன் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வரட்டும், தடி எடுத்துக்கோ, டார்ச் எடுத்துக்கோ என்று மகன் விடாமல் பேச, இவர் பதிலுக்குக் கத்த, பொழுது நன்றாகவே விடிந்துவிட்டது. "வைடா போன!" என்று நடந்தவருக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. இன்றைக்குக் களையெடுக்க தேவயானியை வரச் சொல்லியிருந்தார். கம்பியைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை.

ஓடினார்.

தேவயானி வாய்க்காலில் அலசிய துண்டைக் கம்பியின் மேல் விரித்துக்கொண்டிருந்தாள். "துணி காயப்போட கட்டிகீறீங்களா அய்யா? நல்லதா போச்சி."

அவளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய்ப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பல்பு எரியவில்லை.

"தெருவுலகூட கரண்ட் இல்லீங்களே" என்றாள் அவள். சண்டை போட்ட ஆத்திரத்தில் வீட்டில் ஃபேன் நின்றதைக்கூட அவர் கவனித்திருக்கவில்லை.

சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டையையும் பிடுங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். கம்பிக்குக் கீழே நரி தோண்டிய பள்ளமும், உள்ளே கடித்துப் போட்ட காயும் கண்ணில் பட்டன. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். மறைக்க மனம் வராமல் நடந்ததைச் சொன்னார்.

அவள் துண்டை உருவிக்கொண்டாள். "ஒரு நரிக்காவா அய்யா?"

போன் அடித்தது. "நைனா, நரி கிரி வந்துச்சா?"

"வந்துச்சிடா. கம்பிக்குக் கீழ மண்ணத் தோண்டிக்கினு பூந்து காயத் தின்னுட்டு போயிகீது. அதுக்கு ஒண்ணும் ஆவல. தேவயானிதான் சாவ இருந்தா. உன் வாய மூட ஒத்துக்கினேன் பாரு, என்னச் சொல்லணும்!"

போனை வைத்துவிட்டு வேதாசலம் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். தேவயானி களையெடுக்க நிற்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.